வெள்ளையாக விட்ட இடம்

என் பெரியம்மா யாரிடமும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. எடுத்துக்கொள்வாள். பறிகொடுத்தவர் எதிரில் வந்து நின்றால் ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு, "நீ வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?" என்பாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். நாம் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

சித்தூரில் மிஷன் லைனில் எங்கள் வீடு. அதன் பின்னறையில் அவள் இருந்தாள். அம்மாவின் ஒரே அக்கா, கலியாணம் ஆகாதவள், பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். இப்படி எழுதியதும் பாவப்பட்ட ஒரு பெண்மணி உங்கள் மனத்தில் வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து அவளை எழுப்பி அனுப்பிவிடுங்கள். அந்த வீட்டில் பாவப்பட்டவர்கள் அம்மாவும் நைனாவும் நானும்தான்.

எனக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஒரு ஞாயிறு மதியம் தூங்கி எழுந்தேன். பின்னலைத் தூக்கி முன்னால் போட்டால் நாலு விரல் அளவு குறைந்திருந்தது. அலறிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன். பெரியம்மா என் முடியை ஒரு குச்சியில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னா பெரிம்மா இது, என் முடி!"

"வால் மாதிரி தொங்கிக்கினு இருந்துச்சி. நீ வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

மெழுகு தொட்டுத் துணியில் இழுப்பதற்கு அவளுக்குத் தூரிகை வேண்டியிருந்தது. கொதிக்கும் மெழுகில் ஒரு முக்கு முக்கியதும் என் முடி சுருண்டுபோனது. அன்று சாயங்காலமே அதைக் குப்பையில் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "மனுஷ முடி ஒதவாதுடி, ஆட்டு முடிதான் நிக்கும்" என்றாள். குற்றம் என்னுடையது என்பது போல இருந்தது அவள் சொன்ன விதம்.

அந்த மெழுகு வேலை அவளுக்குப் பிடித்துப்போன கதையைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அவள் வரைந்ததெல்லாம் ரோஜாப்பூ. வீடுகளில் மாட்டுகிற பைபிள் வசன அட்டைகளுக்குச் சுற்றிலும் ரோஜாப்பூ கேட்பார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் படுதா எழுதித் தருவாள். அதில் பெத்லகேம் மலைகளெல்லாம் சந்திரகிரிப் பாறைகளாகவே இருக்கும். ஒரு வருஷம் ஜாவாவில் இருந்துவிட்டு வந்த வெள்ளைக்கார அம்மா ஒருவர் எங்கள் மிஷனில் சில மாதம் தங்கினார். தையல் வகுப்புப் பெண்களை உட்காரவைத்து பாத்திக் என்றால் என்னவென்று செய்து காட்டினார். துணியில் எங்கெல்லாம் சாயம் ஏறக்கூடாதோ அங்கெல்லாம் உருக்கிய மெழுகைப் பூச வேண்டும். சாயத்தில் முக்க வேண்டும். காய்ந்ததும் அடுத்த இடத்தை மெழுகால் மூடி அடுத்த சாயம். மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை போகலாம். திரும்பி வர முடியாது. கடைசியில் கொதிநீரில் போட்டால் மெழுகு கழன்றுவிடும். பெண்கள் ஆளுக்கொரு கைக்குட்டையில் வண்ணத்துப்பூச்சி போட்டு, சிரித்து, டீ குடித்து, வீட்டுக்குப் போனார்கள். பெரியம்மா கைக்குட்டை எதுவும் செய்யவில்லை. மெழுகு வெடித்து உள்ளே சாயம் இறங்கிய மெல்லிய கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்ளோதான் மூடுனாலும் எங்கனா ஒரு எடத்துல ஒடையுது பாத்தியா" என்று அன்று இரவு சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா ரசத்தை ஊற்றினாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எதுவும் யாருடையதாகவும் இருக்கவில்லை. அம்மாவின் எண்ணெய்ச் சட்டி மெழுகு உருக்கப் போனது. நைனாவின் வேட்டிகள் ஒன்றொன்றாக மஞ்சளும் சிவப்புமாகக் கொடியில் தொங்கின. நகரியில் நெசவு நூலுக்குச் சாயம் போடுகிறவர்களிடம் போய், பச்சைத் தண்ணீரில் ஏறுகிற சாயப்பொடி வாங்கி வந்தாள். வெந்நீர்ச் சாயமென்றால் மெழுகு உருகிவிடும். திருப்பதியில் மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்பவர்களிடம் தேன்மெழுகு கிடைத்தது. ஆனால் தேன்மெழுகு வளையுமே தவிர வெடிக்காது. வெடிப்பதற்கு மெழுகுவர்த்தி மெழுகு சேர்க்க வேண்டும். அது எங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று அவள் கண்டுபிடித்ததுதான் எங்கள் சபையையே கலக்கியது.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் எல்லோரும் தங்கள் வீட்டு ஆட்களின் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துவிட்டு வருவோம். மறுநாள் விடிந்ததும் பெரியம்மா ஒரு மழுங்கல் கத்தியும் பால்பவுடர் டப்பாவுமாகப் போய், கல்லறை கல்லறையாகக் குந்தி உட்கார்ந்து மெழுகைச் சுரண்டினாள். கம்பவுண்டரின் மனைவி பார்த்துவிட்டார். புருஷன் போய் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது அவருக்கு.

"எங்க ஊட்டுக்காரரு தலமாட்டுல வந்து கத்தி வைக்கிறியே, நீயும் ஒரு பொம்பளயா?"

பெரியம்மா நிமிர்ந்து பார்த்து ஒரு கண்ணை இடுக்கினாள். "எரிஞ்சி முடிஞ்சதுதான? அவரு வச்சிக்கினு இன்னா பண்ணப் போறாரு?"

அந்த அம்மாள் மண்ணில் உட்கார்ந்து அழுதார். பெரியம்மா டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடுத்த கல்லறைக்கு நகர்ந்தாள். நைனாதான் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு போதகர் பெயர் சொல்லாமல் அதையே பிரசங்கம் பண்ணினார். சர்ச்சில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பெரியம்மா எப்போதும் கடைசிப் பெஞ்சில்தான் உட்காருவாள். திரும்பிய முகங்களை அவளும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கணக்கெடுக்கிறாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

சபை அவளைத் திரும்பிப் பார்த்தது அது முதல் தடவை அல்ல. நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது ஒன்று உண்டு. எங்கள் வழக்கத்தில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. பெரியம்மாவின் பெயர் இரண்டு ஞாயிறு வாசிக்கப்பட்டது. மூன்றாவது ஞாயிறு அவள் புது ஜாக்கெட் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள். போதகர் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்துவிட்டுத் தாளை மடித்துவிட்டார். மாப்பிள்ளை வீடு பின்வாங்கியதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். எதுவும் உண்மையாக இருந்திருக்கலாம். அன்று முழுச் சபையும் திரும்பி அவளைப் பார்த்தது என்பதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

தாத்தா அந்தக் கலியாணத்துக்கென்று வெள்ளை மல் துணியில், அரை விரல் வெள்ளிச் சரிகைக் கரையோடு, ஒரே பீஸிலிருந்து இரண்டு சேலை எடுத்திருந்தார். மூத்தவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு நாளைக்கு ஆகும் என்று ஒன்று. இரண்டு வருஷம் கழித்து அம்மா தன்னுடையதைக் கட்டிக்கொண்டு சர்ச்சில் நைனாவுக்குக் கலியாண வாக்குக் கொடுத்தாள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒரு முறை, பெரிய வெள்ளிக்கிழமை மட்டும் அதைக் கட்டுவாள். தானே துவைத்து நிழலில் காயப்போட்டுப் பெட்டியில் வைப்பாள். எங்கள் சபைப் பெண்களை அவர்கள் வாக்குக் கொடுத்த சேலையிலேயேதான் புதைப்பார்கள். எந்தச் சேலையில் புதைக்கிறார்களோ, கடைசி நாளில் அதில்தான் உயிர்த்தெழுவோம் என்று அம்மா உறுதியாக நம்பினாள். வேறொரு வெள்ளைச் சேலை வாங்கிக் கட்டினால் ஆகாது.

அறுபதுகளின் நடுவில் அம்மாவும் நைனாவும் ஒரு சாவு விஷயமாக வரதய்யபாளையம் போய் இரண்டு நாள் தங்க வேண்டியிருந்தது. நான் அப்போது டீச்சர் டிரெயினிங்கில் ஹாஸ்டலில் இருந்தேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவர்களும் வாசலில் வந்து இறங்கினார்கள். அம்மா நேராகப் பின்னால் கைகால் கழுவப் போனாள். அவள் கத்தவில்லை. "ஐயோ" என்று மெதுவாக ஒரு தரம் சொன்னது மட்டும் கேட்டது.

கொடியில் இரண்டு கெஜம் அளவுக்கு வெட்டிய துணி ஒன்று மஞ்சள் ஏறி, மெழுகு விறைத்துத் தொங்கியது. அடியில் வெள்ளிக் கரை. மீதித் துணி துண்டு துண்டாக வாளிகளில் ஊறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சாயத்துக்கும் ஒரு துண்டு, நிறம் பார்க்க.

"அக்கா, இது என் கலியாணச் சேல" என்றாள் அம்மா.

"தெரியும். வருஷா வருஷம் தொவைச்சி தொவைச்சிக் கஞ்சியெல்லாம் போயி வெண்ணெ மாதிரி இருக்குது. இந்த மாதிரித் துணி கடையில எங்க கெடைக்குது?"

"நா செத்தா எதக் கட்டிப் பொதைப்பீங்க?"

"செத்ததுக்கு அப்பறம் நீ வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

அம்மா அப்போதுதான் அழுதாள். பெரியம்மாவுக்கு அழுகை பிடிக்காது. வேலை கெடும். "எனுக்கும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சி இல்ல? அதத்தான் மொதல்ல முக்கினேன். நா அழுதனா?" என்றாள். கலியாணமே நடக்காதவள் தன் சேலையைச் சாயத்தில் போட்டுவிட்டு நிற்கும்போது, கட்டி வாழ்ந்தவள் எந்த முகத்தோடு அழுவது? அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைக்கப் போனாள்.

அந்த இரண்டு கெஜம் துணி மூன்று மாதம் அவள் கையில் இருந்தது. பிறகு திருப்பதியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்த கைவினைக் கண்காட்சிக்குப் போய் முதல் பரிசு வாங்கியது. செய்தி வந்த அன்று அம்மா, "சேலைய ஒரு தரம் பாத்துட்டு வரலாம் வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். பரிசு வாங்கிய படத்தை அல்ல, சேலையை. இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம்.

இதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன்: அது அற்புதமான படம். கடைசிப் பெஞ்சிலிருந்து பார்த்தால் தெரிகிற எங்கள் சர்ச். பெஞ்சு பெஞ்சாக ஜனங்கள். முன்னால் போதகர் தாளை மடித்துக்கொண்டிருக்கிறார். அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பி நம்மைப் பார்க்கிறார்கள். ஒருவர் முகத்தில்கூட கொடூரம் இல்லை. வேடிக்கை பார்க்கிற முகங்கள், அவ்வளவுதான். கம்பவுண்டர் அம்மாள் இளவயதில் இருக்கிறார், வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு. மெழுகு வெடித்த கோடுகள் எல்லார் முகத்திலும் நரம்பு நரம்பாக ஓடின.

பரிசு கொடுத்த கல்லூரி அம்மா ஒருவர், எங்களுக்கு முன்பே போயிருந்த பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சாலா பாகுந்தம்மா! இதி பெண்ட்லியா?" என்று தெலுங்கில் கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது, கலியாணமா இது என்று.

"அவுனம்மா, நா பெண்ட்லி" என்றாள் பெரியம்மா. ஆமாம், என் கலியாணம்.

அம்மா குனிந்து படத்தின் அடியில் இருந்த வெள்ளிக் கரையைத் தடவினாள். பிறகு பாடகர் வரிசையில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். அங்கே ஒரு சிறு பெண்ணின் உருவம் மட்டும் சாயமே படாமல் இருந்தது. முகம் கிடையாது. மஞ்சளுக்கும் முன்னால், முதல் மெழுகிலேயே மூடிவிட்ட இடம். படத்தில் அம்மாவின் சேலை வெள்ளையாக மிச்சமிருந்தது அங்கே மட்டும்தான்.

"அது நாந்தான்டி" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "எனுக்கு மொத நாளு சனிக்கெழமையே தெரியும். மாப்ள ஊட்லருந்து கடுதாசி வந்துட்சி. அவகிட்ட சொல்லாத, சொன்னா ஊரக் கூட்டுவா, கோயில்ல தானா தெரிஞ்சிக்கட்டும்னு ஒன் தாத்தா சொல்லிட்டாரு. காலைல எனுக்குத் தல பின்னி உட்டா. அந்த வெள்ளச் சேலைய எடுத்து மேல வச்சிக்கினு கண்ணாடில பாத்தா. எப்டிடி இருக்குதுன்னு கேட்டா. நல்லாக்குதுக்கான்னு சொன்னேன்."

பெரியம்மா எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. அம்மா திரும்பி, "ஏங்க்கா, என்ன மட்டும் ஏன் வெள்ளையா உட்ட?" என்றாள். குரலில் ஒரு ஆசை இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று அக்கா சொல்லிவிட மாட்டாளா என்கிற ஆசை.

"ஒன் மூஞ்சி ஞாபகம் இல்ல" என்றாள் பெரியம்மா. "நீதான் தலயக் குனிஞ்சிக்கினியே."

படத்தை அந்தக் கல்லூரியே வாங்கி மாட்டிக்கொண்டது. பெரியம்மா பள்ளிக்கூட வேலையை விட்டாள். வாரத்துக்கு மூன்று நாள் திருப்பதிக்குப் பஸ்ஸில் போய் அங்கே பாத்திக் கற்றுக்கொடுத்தாள். பேப்பரில் அவள் போட்டோ வந்தது. ரோஜாப்பூ கேட்டுவந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். அவளுடைய நல்ல படங்கள் எல்லாம் யாரோ ஒருவரின் வேட்டி, யாரோ ஒருவரின் துப்பட்டா, யாரோ ஒரு குழந்தையின் தொட்டில் துணி. சாயம் நகத்துக்கடியில் ஏறி, நற்கருணைக்குக் கை நீட்டும்போது போதகர் ஒரு நொடி தயங்குவார். "கழுவுன கைதான் ஐயா" என்பாள்.

அம்மா மட்டும் அதற்குப் பிறகு பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் தடுமாறுவாள். எனக்குக் கலியாணமாகி வடமாலபேட்டையில் டீச்சராகப் போன பிறகும், நான் வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கில் அதே கேள்விதான். "எதக் கட்டுவீங்கடி என்ன?" நான் எரிந்து விழுந்திருக்கிறேன். அவள் பயம் எவ்வளவு உண்மையானது என்று எனக்குப் புரிய அவள் சாக வேண்டியிருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நான் வந்து சேர்ந்தபோது மிஷன் லைன் பெண்கள் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். "கலியாணச் சேலய எடும்மா" என்றார் கம்பவுண்டர் அம்மாள். அவருக்கு நடந்தது தெரியும். பழக்கத்தில் கேட்டுவிட்டார். பெரியம்மா அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அந்தக் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்புரவான வெள்ளை விரிப்பு ஏதாவது கிடைக்குமா என்று பெரியம்மாவின் அறைக்குள் போனேன். அவள் தகரப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. அவளிடமிருந்து யார் எடுக்கப் போகிறார்கள்? பழைய பேப்பர்களையும் படம் போட்ட தாள்களையும் தள்ளினேன். அடியில் பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு வெள்ளைச் சேலை. அரை விரல் வெள்ளிக் கரை.

ஒரு கணம் அம்மாவின் சேலைதான் முழுசாகத் திரும்பி வந்துவிட்டதோ என்று பைத்தியம் போல நினைத்தேன். தொட்டுப் பார்த்ததும் தெரிந்தது. கடைக் கஞ்சி விறைப்பு அப்படியே இருந்தது. ஒரு தடவைகூடத் தண்ணீர் காணாத துணி. இத்தனை வருஷம் மடித்தே கிடந்தால் மல் துணி மடிப்போடு இற்றுப்போகும். இது இற்றுப்போகவில்லை. வருஷத்துக்கு ஒரு தரமாவது எடுத்து, மடிப்பை மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். ஊரில் எதையும் விட்டுவைக்காதவள் இதை ஒரு சொட்டு மெழுகு படாமல் வைத்திருக்கிறாள். முதலில் முக்கியது என்னுடையதுதான் என்று அம்மாவின் அழுகையை அடைத்தாளே, அந்தப் பேச்சு என் காதில் கேட்டது.

சேலையை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். பெரியம்மா பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அது என்னுதுடி."

"தெரியும்."

"எனுக்குன்னு வச்சிக்கினு இருக்கேன். என்னப் பொதைக்கறப்ப கட்டறதுக்கு. குடுத்துடு."

கேட்டாள். கை நீட்டிக் கேட்டாள். அவளை நான் அதுவரை நீங்க என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவை, அத்தனை பெண்களுக்கு முன்னால், அவள் முகத்துக்கு நேராகச் சொன்னேன்:

"நீ வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

அவள் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு கீழே இறங்கியது. நான் சேலையை உதறி அம்மாவுக்குக் கட்டத் தொடங்கினேன். விறைப்பில் கொசுவம் நிற்கவில்லை, விசிறி விசிறிக்கொண்டு பிரிந்தது. பெரியம்மா செம்பில் தண்ணீர் எடுத்து வந்தாள். "கஞ்சி இருக்குது. தண்ணி தெளிச்சி மடிக்கணும், நவுரு" என்றாள். நீலம் ஏறிய நகங்களால் அவளே கொசுவத்தை ஒவ்வொன்றாக மடித்து, நீவி, அம்மாவின் இடுப்பில் சொருகினாள். முந்தானையின் வெள்ளிக் கரை வெளியே தெரியும்படி மார்பில் போட்டாள். இரண்டடி பின்னால் போய் ஒரு கண்ணை இடுக்கிப் பார்த்தாள். "நல்லாக்குது" என்றாள்.

அம்மாவுக்காகத்தான் செய்தேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். அந்தக் கை இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. பார்த்ததும் சந்தோஷமாகவும் இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி வரும்போது அவள் என் பக்கத்தில் நடந்து வந்தாள். லெவல் கிராசிங் தாண்டியதும் கேட்டாள்.

"எனுக்கு இன்னா கட்டுவ?"

"அப்பறம் பாத்துக்கலாம்" என்றேன்.

அதன் பிறகு அவள் திருப்பதியிலேயே அறை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆறு வருஷம் இருந்தாள். காலையில் இறந்துபோனாள் என்று கல்லூரியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது நான் வடமாலபேட்டை பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. கடைத்தெருவில் நல்ல வெள்ளைச் சேலை கிடைக்கும். முதல் பஸ் வந்தது, ஏறவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கு பாதியில் நிற்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது பஸ்ஸையும் விட்டேன். மூன்றாவது பஸ்ஸில் வெறுங்கையோடு போய் இறங்கினேன்.

அவளிடம் படித்த பெண்கள் ஐந்தாறு பேர், சாயம் படிந்த விரல்களோடு, பெட்டியைச் சுற்றி நின்றிருந்தார்கள். மூடி போட்டாகிவிட்டது. ஆணி மட்டும் அடிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்து, "உங்களுக்காகத்தான் காத்துக்கினு இருந்தோம் மேடம். தொறக்கட்டுமா, ஒரு தரம் பாக்கறீங்களா?" என்று கேட்டாள்.

"வேணாம்" என்றேன்.

ஆணி அடித்தார்கள். அவளுக்கு என்ன கட்டியிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.